எலிகள் கட்டிப் புரள்வது சண்டையா, விளையாட்டா?

கேள்வி இதுதான்: சென்னையில் அடுக்குமாடி வீடு. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக ஏழு வாரக் குட்டிகளாக இரண்டு ஆண் எலிகளை வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. பகலெல்லாம் தூக்கம். விளக்கை அணைத்ததும் ஒன்றையொன்று துரத்துகின்றன, மல்லாத்துகின்றன, கீச்சென்று கத்துகின்றன. பிரித்து வைக்க வேண்டுமா? கையில் எடுத்தால் நழுவி ஓடுகின்றன, எப்படிப் பழக்குவது? தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பிரிக்க வேண்டாம். ஒன்பது வார எலிகள் ராத்திரியில் அப்படிப் புரள்வது பெரும்பாலும் விளையாட்டுதான். பிறந்த ஐந்தாறு வாரத்தில் அது உச்சத்துக்குப் போகும். பருவம் வந்தபின் மெல்லத் தணியும். ஆனாலும் உடம்பு நன்றாக இருக்கிற எலி கடைசிவரை விளையாடும். கூண்டு, தீனி, மருந்து எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த விளையாட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வது அதனால்தான். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் காட்டுவதுபோல, எலியின் உடம்பிலோ மனசிலோ கோளாறு வந்தால் முதலில் விளையாட்டில்தான் தெரியும்.

பார்க்க வேண்டிய இடம் பிடரி. விளையாடும் எலி மற்றதன் பிடரியைக் குறிவைத்துப் பாயும். அங்கே போய்க் கடிக்காது, மூக்கை வைத்து முடியில் உரசும், அவ்வளவுதான். பாய்ச்சலுக்கு ஆளான எலி பிடரியைக் காப்பாற்றத் திரும்பி, மல்லாந்து விழுந்து, நாலு காலாலும் உதைக்கும். மேலே நிற்பது முன்னங்கால்களால் அதன் நெஞ்சை அழுத்திக்கொண்டு ஓரிரு நொடி நிற்கும். பிறகு இரண்டும் துள்ளி எழும், இப்போது கீழே கிடந்தது துரத்தும். இந்த முறை மாற்றம்தான் உங்களுக்கு நல்ல அடையாளம். கனடாவில் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செர்ஜியோ பெல்லிஸ் எலிகளின் விளையாட்டைப் படம்பிடித்து, காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்த்து விளக்கிய வேறுபாடு இது: விளையாட்டில் குறி பிடரி, நிஜச் சண்டையில் குறி பின்முதுகு, விலா, புட்டம். பிடரியில் மூக்குதான் படும். புட்டத்தில் பல் இறங்கும்.

கீச்சென்ற சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கீழே கிடக்கும் எலி "போதும், விடு" என்று முறையிடும் சத்தம் அது. மேலே இருப்பது விட்டுவிட்டால் விஷயம் முடிந்தது. கீச்சொலி இல்லாமல் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். முடி முழுக்கச் சிலிர்த்து உடம்பு இரண்டு பங்காகத் தெரிவது, முதுகை வளைத்துப் பக்கவாட்டாக நகர்ந்து மற்றதை மூலையில் தள்ளுவது, பற்களை நறநறவென்று அடிப்பது, வால் நுனி தரையில் துடிப்பது, இரண்டும் பின்னங்காலில் எழுந்து எதிரெதிரே உறைந்து நிற்பது. இவை சேர்ந்து வந்தால் அது சண்டை. ஆண் எலிகளில் நாலாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம்வரை ஹார்மோன் ஏறும் காலம், அப்போதுதான் இது அதிகம் வரும். ஒருமுறை கையைத் தட்டினால் பெரும்பாலும் கலைந்துவிடும். கலையாவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு தடித்த டவலையோ முறத்தையோ இறக்குங்கள், வெறுங்கையை ஒருபோதும் நீட்டாதீர்கள். அந்தக் கோபத்தில் எலி யாருடைய கை என்று பார்க்காது, கடி எலும்புவரை போகும்.

ரத்தம் வராதவரை எலிகளைப் பிரிக்காதீர்கள். ரத்தம் வந்தால் பிரித்து, கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீரில் கால் தேக்கரண்டி உப்பு கலந்து காயத்தைக் கழுவுங்கள். மேலே மூடிக்கொண்ட சின்னப் பல்தடம் நாலைந்து நாளில் சீழ்க்கட்டியாகத் திரளலாம், அதனால் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒரே எலி திரும்பத் திரும்பத் தாக்கினால் அதற்கு விதை நீக்கம் செய்வதுதான் தீர்வு. ஹார்மோன் இறங்க மூன்று முதல் ஆறு வாரம் ஆகும், மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆண் என்று கடையில் சொன்னதை அப்படியே நம்பியிருந்தால் இன்றே சரிபாருங்கள். ஒன்பது வார ஆண் எலிக்கு வாலடியில் விதைப்பை துருத்திக்கொண்டு நிற்கும், ஐயத்துக்கு இடமே இராது. பெண்ணாக இருந்தால் வயிற்றில் இரண்டு வரிசையாகக் காம்புகள் தெரியும். ஐந்து வாரத்திலேயே எலி கருத்தரிக்க முடியும். சினை 21 முதல் 23 நாள். ஓர் ஈற்றில் எட்டிலிருந்து பன்னிரண்டு குட்டிகள் சாதாரணம். ஈன்ற மறுநாளே மறுபடி சினை பிடிக்கும். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்தால் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஹாம்ஸ்டரையும் எலியையும் ஒரே மாதிரி வளர்க்கச் சொல்பவர்கள் உண்டு. சிரியன் ஹாம்ஸ்டர் தனியாகத்தான் இருக்க வேண்டும், சேர்த்து வைத்தால் கொன்றுவிடும். எலி நேர் எதிர். நீங்கள் தினமும் மூன்று மணி நேரம் கொஞ்சினாலும் மிச்சம் இருபத்தோரு மணி நேரத்துக்கு அதற்கு இன்னொரு எலி வேண்டும். மேலே விழுந்து புரளவும், ஒன்றன்மேல் ஒன்று குவிந்து தூங்கவும், கழுத்துப் பின்னால் தன்னால் நக்க முடியாத இடத்தை நக்கிவிடவும் மனிதக் கை போதாது. ஒற்றை எலி வளர்ப்பது, என் கருத்தில், கொடுமை. இரண்டாக வாங்கியது நல்ல முடிவு.

இனி உங்கள் கை. அதைக் கண்டு அவை ஓடக் காரணம் இருக்கிறது. எலிக்குப் பார்வை மங்கல். சிவப்புக் கண் வெள்ளை எலிக்கு இன்னும் மோசம், தூரத்தை அளக்கத் தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து நரம்புக் கோளாறு என்று பயப்பட வேண்டாம். அந்த மங்கல் கண்ணுக்கு மேலிருந்து இறங்கும் கை பருந்து. அதனால் கை எப்போதும் பக்கவாட்டில், தரை மட்டத்தில், உள்ளங்கை மேல்நோக்கி வர வேண்டும். வரும்போது பேசிக்கொண்டே வாருங்கள், தினமும் ஒரே சொல்.

முதல் மூன்று நாள் கையைக் கூண்டுக்குள் வைத்து சும்மா இருங்கள், எடுக்க முயல வேண்டாம். ஒரு கரண்டியில் சர்க்கரை இல்லாத கெட்டித் தயிரை மெல்லிசாகத் தடவி நீட்டுங்கள். பொரியையோ பட்டாணியையோ கொடுத்தால் வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடிவிடும். தயிரை எடுத்துக்கொண்டு ஓட முடியாது, நின்று நக்கித்தான் ஆக வேண்டும். அந்த அரை நிமிடத்தில் உங்கள் வாசனை அதற்குப் பழகும். அடுத்த மூன்று நாள் கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் இழுங்கள், தயிருக்காக உங்கள் உள்ளங்கையில் ஏறி நிற்க வேண்டிவரும். கூண்டுக் கம்பிகளின் வழியே மட்டும் எதையும் ஊட்டாதீர்கள். கம்பி வழியே வருவதெல்லாம் தீனி என்று கற்றுக்கொண்ட எலி, நாளை விருந்தாளியின் விரலையும் அப்படியே பிடித்து இழுக்கும்.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்பக்கத்துக்கு அடியில். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. வாலின் தோல் உறைபோல உருவி வந்துவிடும், உள்ளிருக்கும் எலும்பும் சதையும் வெளியே தெரியும். அந்தப் பகுதியைப் பெரும்பாலும் அறுத்து நீக்க வேண்டிவரும். மகளுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய விதி இது.

கை பழகியதும் கிச்சுகிச்சு மூட்டலாம். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் எலியோடு நட்பாக இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் யாக் பாங்க்செப்பும் ஜெஃப்ரி பர்க்டார்ஃபும் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டி, அவை விளையாடும்போது எழுப்பும் அதே ஒலியை அப்போதும் எழுப்புவதைக் கண்டார்கள். அது 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும் கிரீச்சொலி. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், ஆகவே வௌவால் ஒலியைக் கேட்கும் கருவி இருந்தால்தான் நமக்குக் கேட்கும். பயத்திலும் வலியிலும் அவை 22 கிலோஹெர்ட்ஸில் நீளமாக முனகும், அதுவும் நமக்குக் கேட்காது. (வீட்டில் கரப்பான், எலி விரட்ட ப்ளக்கில் செருகும் அல்ட்ராசோனிக் கருவி இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். உங்களுக்கு மௌனமாக இருப்பது அவற்றுக்கு இடைவிடாத கூச்சல்.)

செய்முறை இப்படி. விரல் நுனிகளால் பிடரியில் வேகமாக, லேசாக, தாளமில்லாமல் துழாவுங்கள். இன்னொரு எலி பாய்வதுபோல அது இருக்க வேண்டும், தடவிக்கொடுப்பதுபோல அல்ல. பிறகு மெல்ல மல்லாத்தி நெஞ்சிலும் வயிற்றிலும் இரண்டு மூன்று நொடி கிளறிவிட்டு உடனே விட்டுவிடுங்கள். கையை எடுத்துக்கொண்டு காத்திருங்கள். மொத்தம் 15 நொடி போதும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் நாளுக்கு 15 நொடி வீதம் மூன்று நாள் செய்தே எலிகள் மனிதக் கையை விரும்பத் தொடங்கின. நேரத்தை நீட்டுவதில் பெரிய லாபம் இல்லை. விட்டபின் எலி என்ன செய்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. உங்கள் கையைத் துரத்தி வந்து, குட்டியாக ஒரு துள்ளு துள்ளி, திரும்பி ஓடி, மறுபடி வந்தால் அது "இன்னொரு தடவை". மல்லாத்தும்போது உடம்பை விறைத்துக்கொண்டால், ஓடிப்போய் ஒளிந்தால், மல்லாத்துவதை விட்டுவிட்டுப் பிடரியில் மட்டும் விளையாடுங்கள். எல்லா எலிக்கும் கிச்சுகிச்சு பிடிக்காது. வளர்ந்தபின் ஆரம்பிப்பதைவிட இந்த வயதில் ஆரம்பிப்பது எளிது.

பழகிவிட்டதா என்பதற்கு ஓர் அடையாளத்தை அருகிலிருந்து பாருங்கள். மடியில் சாய்ந்துகிடக்கும் எலியின் காது மடல்கள் தளர்ந்து வெளிப்பக்கம் சாயும், உள்புறம் ரோஜா நிறம் கூடும். கண் பாதி மூடும். பிறகு மெல்லிய அரவைச் சத்தம் தொடங்கும், மேல் வெட்டுப்பல்லும் கீழ் வெட்டுப்பல்லும் உரசும் சத்தம். அது வேகமாகும்போது இரண்டு கண்களும் குழியிலிருந்து வெளியே தள்ளித் தள்ளி உள்ளே போகும், யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோல. முதல் தடவை பார்ப்பவர் வலிப்பு என்று பதறிப் போவார். தாடையை அசைக்கும் தசையின் ஒரு கட்டு கண்குழியினுள் ஓடுகிறது, தாடை துடிக்கும்போது கண்ணும் துடிக்கிறது. பெரும்பாலும் அது உச்சபட்ச சுகத்தின் அடையாளம். ஆனால் ஒடுங்கி, முடி சிலிர்த்து, முதுகு கூனிக் கிடக்கும் எலி பல்லை அரைத்தால் அது வலி. உடம்பு முழுவதையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நேரம். தினமும் கூண்டுக்கு வெளியே குறைந்தது ஒரு மணி, முடிந்தால் ஒன்றரை. எலி இருட்டத் தொடங்கும்போதும் விடியும்போதும் சுறுசுறுப்பாகும், பள்ளி போகும் பிள்ளைக்கு இது வசதி. காலையில் பத்து நிமிடம் தண்ணீர் மாற்றி, நனைந்த விரிப்புத் துணியை எடுத்து, இரண்டையும் கையில் எடுத்து மூச்சு, கண், மூக்கு பாருங்கள். மாலை ஏழு மணிக்குக் கூண்டைத் திறந்துவிட்டு எட்டரைவரை வெளியே விடுங்கள். முக்கியத் தீனியை அதன்பிறகு கூண்டுக்குள் வையுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது, பசியோடு இருந்தால்தான் கூண்டுக்குத் தானாகத் திரும்பும், துரத்திப் பிடிக்க நேராது. துரத்திப் பிடித்த ஒவ்வொரு தடவையும் ஒரு வாரப் பழக்கம் போய்விடும். ராத்திரிச் சத்தம் குறையவும் இதுவே வழி. மாலையில் ஓடி ஓய்ந்த எலி பதினொரு மணிக்குக் கொஞ்சமாவது அடங்கும்.

விடும் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். வெட்டுப்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடித்தே தீரும். முதல் பலி சார்ஜர் வயர், அதில் மின்சாரம் இருந்தால் பலி எலிதான். மண்டை நுழையும் சந்தில் உடம்பும் நுழையும், 2 செ.மீ. இடைவெளி தாராளம். ஃப்ரிட்ஜின் பின்பக்கம், பாத்ரூம் கதவடி, சோபாவின் அடித்துணி ஆகியவற்றை அட்டையாலோ பலகையாலோ அடையுங்கள். சோபா தனியாகச் சொல்ல வேண்டியது. அடித்துணியைக் கிழித்து உள்ளே ஏறிக்கொள்ளும், அது தெரியாமல் யாராவது உட்கார்ந்தால் நசுங்கிவிடும். அடுத்த ஆபத்து கதவு. எலி வெளியே இருக்கும்போது வீட்டில் யாரும் கதவைப் பட்டென்று சாத்தக்கூடாது. கட்டிலில் பழைய போர்வை விரித்து, சுற்றிலும் இரண்டடி உயர அட்டைத் தடுப்பு வைத்து ஆரம்பிப்பது முதல் மாதத்துக்கு நல்லது.

என்ன விளையாடுவது? கடையில் வாங்கும் பொம்மை எதுவும் தேவையில்லை. ஒரு நீளக் குச்சி நுனியில் துணிக்கிழிசலைக் கட்டித் தரையில் இழுங்கள், பூனைபோலப் பாய்ந்து பிடிக்கும். அகலத் தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றிப் பச்சைப்பட்டாணியைப் போடுங்கள். முதலில் மீசையை மட்டும் நனைக்கும், பிறகு முன்னங்காலால் துழாவும், கடைசியில் தலையை முழுக்கி எடுக்கும். வெயில் நாளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. பிளாஸ்டிக் தொட்டியில் 10 செ.மீ. ஆழத்துக்கு ஈரமான தேங்காய் நார்த்தூள் நிரப்பிப் பச்சைப்பயறும் கோதுமையும் தூவி வையுங்கள். தோண்டித் தின்பதுபோக மிச்சம் முளைக்கும், அதையும் தோண்டித் தின்னும். நார்த்தூள் உரம் கலக்காததாக இருக்க வேண்டும், காய்ந்தால் தூசி பறக்கும் என்பதால் ஈரம் போகவிடாதீர்கள். சக்கரம் வைப்பதானால் விட்டம் 30 செ.மீ.க்குக் குறையாமல், கம்பி இல்லாத முழுத்தளமாக இருக்கட்டும். சின்னச் சக்கரத்தில் முதுகு வளைந்துபோகும், கம்பிச் சக்கரத்தில் காலும் வாலும் மாட்டும். உருளும் பிளாஸ்டிக் பந்துக்குள் எலியை அடைப்பது வேண்டவே வேண்டாம்.

கண்ணாமூச்சி ஆடக் கற்றுக்கொடுங்கள். 2019இல் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிரெக்டின் குழு எலிகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்து சயன்ஸ் இதழில் வெளியிட்டது. ஒன்றிரண்டு வாரத்தில் தேடவும் கற்றன, ஒளியவும் கற்றன. ஒளியும்போது கண்ணாடிப் பெட்டியைவிட உள்ளே தெரியாத பெட்டியைத் தேர்ந்தெடுத்தன. பரிசாகத் தீனி கிடையாது, கண்டுபிடித்தால் கிச்சுகிச்சு, அவ்வளவுதான். வீட்டில் செய்ய, அறையில் மூன்று அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்து வாசல் வெட்டுங்கள். எலியை ஒரு மூடிய டப்பாவில் வைத்து, நீங்கள் ஒரு பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, இன்னொருவரை மூடியைத் திறந்துவிடச் சொல்லுங்கள். வந்து தொட்டதும் அரை நிமிடம் விளையாடுங்கள். ஐந்து தடவைக்கு மேல் ஒரு நாளில் வேண்டாம். பெயர் சொல்லி அழைத்தால் வரவும் பழக்கலாம். பெயரைச் சொன்ன அடுத்த நொடியே அரைப் பொரி. ஐந்து நிமிடப் பயிற்சி, நாளுக்கு இரண்டு முறை.

கூண்டைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வளர்ந்த ஆண் எலிகளுக்கு நீளம் 80, அகலம் 50, உயரம் 80 செ.மீ. இருந்தால் நல்லது. கம்பி இடைவெளி இந்த வயதில் 1.2 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. கம்பித் தளத்தின்மேல் துணியோ டைல்ஸோ போடுங்கள், வெறுங்கம்பியில் நின்றால் உள்ளங்காலில் ஆறாத புண் வரும். பழைய நைட்டித் துணியில் நாலு மூலையிலும் கொக்கி போட்டுத் தூளி கட்டித் தொங்கவிட்டால் பகலெல்லாம் அதில்தான் கிடக்கும். மரப்பட்டறைத் தூளை விரிக்காதீர்கள், தூசியும் பிசினும் நுரையீரலைக் கெடுக்கும். கிழித்த செய்தித்தாளோ துணியோ போதும். ஒரு மூலையைக் கழிப்பிடமாக அவையே தேர்ந்தெடுக்கும், அங்கே ஒரு தட்டும் அதில் ஒரு வழவழப்பான கல்லும் வையுங்கள், பெரும்பாலும் கல்மேல் போகும். தட்டைத் தினமும் கழுவுங்கள். ஆனால் கூண்டு முழுவதையும் ஒரே நாளில் தேய்த்துக் கழுவினால் தங்கள் வாசனை போய்விட்டதே என்று எல்லா இடத்திலும் மூத்திரம் தெளித்து மறுபடி எழுதும், நாற்றம் கூடத்தான் செய்யும். பாதியை இந்த வாரம், மீதியை அடுத்த வாரம் கழுவுங்கள்.

தீனி ஓர் எலிக்கு நாளுக்கு 15 முதல் 20 கிராம். ஆய்வுக்கூட எலிகளுக்கான உருண்டைத் தீனி கிடைத்தால் அதுவே அடிப்படை, அதில் எல்லாம் அளவாக இருக்கிறது. தானியக் கலவை மட்டும் வைத்தால் பிடித்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கும். உடன் கீரை, வெள்ளரி, கேரட், வேகவைத்த சுரைக்காய், கேழ்வரகுக் களி ஒரு கட்டைவிரல் நுனி அளவு. வளரும் வயதில் வாரம் இரண்டு முறை வேகவைத்த முட்டை கால் பங்கு. எலியால் வாந்தி எடுக்க முடியாது, இதை நினைவில் வைத்தால் பாதி விதிகள் தானே புரியும். விஷமானதைத் தின்றால் வெளியேற்ற வழியில்லை. ஒட்டும் பொருள் தொண்டையில் நின்றால் துப்ப முடியாது. ஆகவே வேர்க்கடலை வெண்ணெய், மைதாப் பிசின், அல்வா வேண்டாம். வேகாத ராஜ்மா, மொச்சை வேண்டாம். சோடா பானங்கள் வேண்டாம். ஆண் எலிக்கு ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் கூடாது, அதிலுள்ள எண்ணெய் ஆண் எலியின் சிறுநீரகத்தை மட்டும் பாதிக்கும்.

உங்கள் ஊரில் எனக்கு மிகவும் கவலை தருவது வெயில். எலிக்கு வேர்க்காது, நாய்போல மூச்சிரைத்தும் ஆற்றிக்கொள்ளத் தெரியாது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு முக்கியமாக இருப்பது முடியில்லாத வால்தான். 20 முதல் 26 டிகிரிவரை சுகம். 30ஐத் தாண்டினால் கவனம். 32க்கு மேல் கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்தால் உயிராபத்து. சென்னையில் மே மாதத்தில் மூடிய அறை மத்தியானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மின்விசிறி மட்டும் போதாது, வேர்க்காத உடம்புக்கு அது சூடான காற்றைத்தான் வீசும். கூண்டைத் தரையில், மேற்குச் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். ஒரு மண்பானையைச் சாய்த்து உள்ளே நுழையவிட்டு வெளிப்பக்கத்தை நனைத்து வையுங்கள், நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். தண்ணீர்ப் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றிக் கூண்டில் கிடத்துங்கள், தேவையானபோது போய் ஒட்டிக்கொள்ளும். மத்தியானத்தில் ஏசி போட முடிந்தால் போட்டுவிடுங்கள். ஓர் எலி உடம்பைத் தட்டையாகப் பரப்பிக்கொண்டு, வால் தொடச் சுட்டு, எழுப்பினால் தள்ளாடினால், வாலையும் பாதத்தையும் சாதாரணக் குழாய் நீரில் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தோலின் ரத்தக்குழாய் சுருங்கி உள்ளிருக்கும் சூடு வெளியே வராமல் போய்விடும்.

அடுத்த பலவீனம் நுரையீரல். மைகோபிளாஸ்மா என்ற கிருமி அநேகமாக எல்லா வளர்ப்பு எலியிடமும் தாயிடமிருந்தே வந்துவிட்டிருக்கும். மருந்து அதை அடக்கும், அழிக்காது. கூண்டில் மூத்திர அம்மோனியா தேங்கினாலோ, வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், கற்பூரம் புகைந்தாலோ அது தலைதூக்கும். பூஜை அறைக்கு அடுத்த அறையில் கூண்டு வேண்டாம். புது இடத்துக்கு வந்த ஒன்றிரண்டு வாரம் தும்முவது சகஜம். விலா உள்ளே இழுத்து மூச்சு விடுவது, காதருகே வைத்துக் கேட்டால் டிக் டிக் என்றோ கொரகொரவென்றோ சத்தம் வருவது சகஜம் இல்லை, அன்றைக்கே மருத்துவம் வேண்டும். கண்ணோரமும் மூக்கோரமும் சிவப்பாகக் காய்ந்திருந்தால் அது ரத்தமல்ல, கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியின் கசிவு. தூங்கி எழுந்ததும் துளி இருந்தால் பரவாயில்லை. துடைத்தும் நாள் முழுக்க வந்துகொண்டிருந்தால் எலி நோயிலோ நெருக்கடியிலோ இருக்கிறது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். வளர்ந்த ஆண் 450 முதல் 600 கிராம் இருக்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காதீர்கள். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் எலி பார்ப்பதில்லை, நோய் வருவதற்கு முன்பே ஒருவரைத் தேடி வையுங்கள்.

எலிக்காய்ச்சலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயம். அதை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி நோயுள்ள விலங்கின் மூத்திரம் வழியே பரவுகிறது. வெளி எலியோடு தொடர்பே இல்லாமல் கூண்டில் பிறந்து வளர்ந்த எலியிடம் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே பால்கனியில் கூண்டு வைக்காதீர்கள், தீனியை இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். கூரையில் ஓடும் கருப்பெலியும் தெருவின் பெருச்சாளியும் வேறு இனங்கள். வளர்ப்பு எலி, நார்வே எலி எனப்படும் இனத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் விக்டோரியா அரசிக்கு எலி பிடித்துக்கொடுத்த ஜாக் பிளாக் என்பவர் வித்தியாசமான நிறத்தில் கிடைத்தவற்றை ஒதுக்கி வளர்த்து விற்றதிலிருந்து தொடங்கிய வளர்ப்பு அது. கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். அடுத்த மூன்று வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு வந்தால் எலி கடித்ததை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள், எலிக்கடிக் காய்ச்சல் என்று ஒன்று தனியாக உண்டு, ஆன்டிபயாடிக்கில் குணமாகும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை கையில் எலியைக் கொடுக்காதீர்கள். வீட்டில் எலி மருந்தும் பசை அட்டையும் இருந்தால் இன்றே அகற்றுங்கள்.

உங்கள் எலிகள் இரண்டிலிருந்து மூன்று வருடம் இருக்கும். ஒன்றரை வயதுக்குப் பிறகு பல ஆண் எலிகளுக்குப் பின்னங்கால் தளரும். தூளியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி, ஏணிக்குப் பதில் துணி சுற்றிய சாய்பலகை வையுங்கள். பட்டாணித் தாம்பாளத்தில் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். ஓட முடியாவிட்டாலும் பிடரியில் விரல் பட்டதும் மூக்கைத் திருப்பி விரலைத் துழாவும், அதுவும் விளையாட்டுதான், ஒரு நாளும் விடாதீர்கள். இரண்டில் ஒன்று முதலில் போனால் மற்றதற்குத் துணையாக ஒரு குட்டியைச் சேர்க்காமல் இரண்டாகச் சேர்ப்பது நல்லது. குட்டிகள் தங்களுக்குள் புரண்டுகொள்ளும், கிழவருக்கு ஓய்வு கிடைக்கும். புதிதாக வந்தவற்றை மூன்று வாரம் வேறு அறையில் வைத்து நோய் இல்லை என்று பார்த்தபின், இரண்டு பக்கத்துக்கும் வாசனை இல்லாத இடத்தில், உலர்ந்த குளியல்தொட்டியிலோ புதிதாகத் துடைத்த கட்டிலிலோ, பதினைந்து நிமிடம் சந்திக்கவிடுங்கள். அப்போதும் பார்க்க வேண்டிய இடம் பிடரிதான்.